வெயிலும் முதுமையும் நம் முஹல்லாவும்



இம்மாதம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். சென்ற கோடையில் உங்கள் இல்லத்தின் மிக மூத்தவர் நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை எந்த அறையில் இருந்தார்? அந்த அறையில் காற்று வந்ததா? அவர் எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தார்? அவரை அந்நேரத்தில் யாராவது எட்டிப் பார்த்தார்களா?

உடனே விடை சொல்ல முடிந்தவர்கள் பாக்கியவான்கள். நம்மில் பலருக்கு முடியாது. நாம் கடையில் இருந்தோம், அலுவலகத்தில் இருந்தோம். அல்லது துபாயிலும் ரியாத்திலும் சிங்கப்பூரிலும் இருந்தோம். மாதந்தோறும் பணம் அனுப்பினோம். வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் நலம் விசாரித்தோம். "நல்லா இருக்கேன் வாப்பா, வெயில்தான் கொஞ்சம் அதிகம்" என்று உம்மா சொன்னார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை.

சென்னை மண்ணடியையும் திருவல்லிக்கேணியையும் போன்ற நெருக்கமான பகுதிகளில் நம் குடும்பங்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். கீழ்த்தளம் கடைக்கோ கிடங்குக்கோ வாடகைக்குப் போய்விடுகிறது. குடும்பம் மாடிக்கு ஏறிவிடுகிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள அறை பகலெல்லாம் காய்ந்த தளத்தின் சூட்டை இரவு முழுவதும் உள்ளே இறக்குகிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர் மூன்று மாடி இறங்கி நிழலைத் தேட முடியாது; அந்த அறையிலேயே இருந்துவிடுகிறார்.

இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நம்மை நோக்கி வருகின்றன. ஒன்று, பூமி வெப்பமடைகிறது. பதிவேடுகள் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. மற்றொன்று, நாம் முதுமையடைகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். 2031இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அவ்வாறு இருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு. இவ்விரண்டையும் நாம் வெவ்வேறு பிரச்சினைகளாகவே பேசி வருகிறோம். சுற்றுச்சூழல் கூட்டத்தில் முதியோரைப் பற்றிய பேச்சு இல்லை. முதியோர் நலக் கூட்டத்தில் வெயிலைப் பற்றிய பேச்சு இல்லை. ஆனால் மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள அந்த அறையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

சிகாகோ கற்பித்த பாடம்

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கடும் வெப்பம் தாக்கியது. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியோர். செல்வம் கொழிக்கும் நாட்டின் பெரிய நகரங்களுள் ஒன்றில் இது எப்படி நேர்ந்தது என்று எரிக் கிளினன்பர்க் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அவர் அடுத்தடுத்துள்ள இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வெயில் ஒன்றே. இரண்டிலும் தனித்து வாழும் ஏழை முதியோர் இருந்தனர். ஆயினும் ஒரு பகுதியில் இறந்தோர் விகிதம் மற்றதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. காரணம் என்ன? ஒரு பகுதியில் கடைகள் மூடிக் கிடந்தன, தெருக்கள் வெறிச்சோடியிருந்தன, முதியோர் திருட்டுக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் தாழிட்டு உள்ளேயே இருந்தனர். மற்றப் பகுதியில் கடைவீதியில் எந்நேரமும் நடமாட்டம் இருந்தது. பெரியவர்கள் வெளியே வரத் துணிந்தனர். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது.

2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பேரை வெப்பம் பலி கொண்டது. அங்கும் முதியோரே மிகுதி. பிள்ளைகள் பலர் விடுமுறைக்கு வெளியூர் சென்றிருந்த மாதம் அது. அதன்பின் அந்நாடு 2004இல் ஒரு சட்டம் செய்தது: தனித்து வாழும் முதியோரும் உடல் ஊனமுற்றோரும் விரும்பினால் பெயரைப் பதிந்துகொள்ள ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்தால் அப்பட்டியலில் உள்ளவர்களைத் தொடர்புகொண்டு நலம் விசாரிக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டாரை விசாரிப்பது நம் மார்க்கம் நமக்கு இட்ட கடமை. சட்டம் இயற்றி அதைச் செய்யும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள். சட்டமின்றியே செய்துவந்த நாம், அதை விட்டுவிடும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறோமா?

அகமதாபாத் செய்தது

நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46 டிகிரி செல்சியசைக் கடந்தது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் நடந்த ஆய்வு கண்டது. நகராட்சி சும்மா இருக்கவில்லை. அறிஞர்களுடன் இணைந்து 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவிலேயே அதுதான் முதலாவது.

அதில் பெருஞ்செலவு பிடிக்கும் பொருள் எதுவும் இல்லை. எவ்வளவு வெப்பம் வரும் என்பதை முன்கூட்டியே நிறங்களால் அறிவித்தனர். மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தனர். தண்ணீர்ப் பந்தல்கள் வைத்தனர். பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கத் தொடங்கினர். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளறையின் வெப்பம் இரண்டு முதல் ஐந்து டிகிரிவரை குறையும் என்பது அவர்களின் கணக்கு. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போரின் குடும்பத்திற்கு நிவாரணமும் வகுத்தது. இறந்தபின் வரும் நிவாரணத்தினும் இறவாமல் காப்பது மேல் அல்லவா?

முதுமையில் வெயில் ஏன் கடுமையாகிறது?

இளையோருக்கு வியர்வை விரைந்து சுரக்கிறது. அது காயும்போது உடல் குளிர்கிறது. முதுமையில் வியர்வை குறைகிறது. உடலின் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவர இதயம் மிகுதியாக உழைக்க வேண்டும். தளர்ந்த இதயத்திற்கு அது பெருஞ்சுமை. தாகம் என்னும் உணர்வே மங்கிவிடுவதால், உடலில் நீர் வற்றினாலும் வாய் கேட்பதில்லை. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, நீரை மேலும் வெளியேற்றுகின்றன. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் காற்றின் ஈரத்தால் வியர்வை காய்வதே கடினம். ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணைவிட உடல் படும் பாடு அதிகம்.

நாம் கவனிக்கத் தவறும் இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள், வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கிறார்கள். கழிவறை தொலைவில் இருக்கிறது, படி ஏறி இறங்க வேண்டும், வழுக்கும், இரவில் யாரையாவது எழுப்ப வேண்டும். "பிள்ளைகளுக்குத் தொந்தரவு எதற்கு?" என்று எண்ணித் தாகத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி, உட்கார வசதியான கோப்பை, இரவில் எரியும் ஒரு சிறு விளக்கு ஆகிய மூன்றும் வெயிலிலிருந்து காக்கும் சாதனங்களே என்று நான் சொன்னால் வியக்காதீர்கள். பெற்றோர் முதுமையடையும்போது சலிப்பின் ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரலாகாது என்று மார்க்கம் கற்பித்திருக்கிறது. நாம் சலித்துக்கொள்வோமோ என்று அவர்கள் அஞ்சும் நிலையையும் நாம் உண்டாக்கலாகாது.

ஏ.சி. மட்டும் போதுமா?

"ஒரு ஏ.சி. வாங்கி மாட்டிவிட்டால் முடிந்தது" என்று வெளிநாட்டிலிருக்கும் மகன் சொல்கிறான். நோயுற்ற முதியவருக்குக் கடும் வெயிலில் அது உயிர் காக்கும் பொருள். அதைக் குறை சொல்வதற்கில்லை. 'பூமியைக் காக்க ஏ.சி.யை நிறுத்துங்கள்' என்று எண்பது வயது மூதாட்டியிடம் போய்ச் சொல்வது அறமும் ஆகாது, அறிவும் ஆகாது.

ஆனால் ஏ.சி. தன் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. சந்தில் இருபது வீட்டு இயந்திரங்கள் கொட்டும் சூடு, ஏ.சி. வாங்க இயலாத இருபத்தோராவது வீட்டுப் பெரியவரின் சன்னலில் நுழைகிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. அந்தக் கரிப்புகை பூமியை மேலும் சூடாக்குகிறது. மின்சாரம் நின்றுபோனால் மூடிய அறை அடுப்பாகிவிடுகிறது. ஆகவே முதலில் கூரையையும் சன்னலையும் நிழலையும் சரிசெய்வோம். அதன்பிறகு தேவைப்படும் அளவுக்கு ஏ.சி. ஓடட்டும். அப்போது அது குறைந்த நேரம் ஓடும். மின் கட்டணமும் குறையும். வெள்ளையடித்த மாடி, வாசலில் ஒரு வேப்பமரம், சன்னலுக்கு வெளிப்புறம் தொங்கும் தட்டி ஆகியவை பெரியவருக்கும் நல்லவை, பூமிக்கும் நல்லவை. இரண்டு நன்மையும் ஒரே செயலில் கிடைக்கும் இடத்தில்தான் நம் முதல் ரூபாயைச் செலவிட வேண்டும்.

பள்ளிவாசலும் ஜமாஅத்தும்

நம் முன்னோர் இதை அறிந்தே கட்டினர். சென்னை திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். முன்னே பரந்த வெளி, உயர்ந்த கூரை, ஒளுச் செய்யக் குளம். வெயிலில் நடந்து களைத்தவன் உள்ளே நுழைந்ததும் உடலும் உள்ளமும் குளிரும். நாமோ பல ஊர்களில் ஹவுளை மூடிவிட்டோம்; முற்றத்து மரத்தை வெட்டிவிட்டோம்; பளபளக்கும் கல் பதித்தோம். அந்தக் கல் நண்பகலில் பெரியவர்களின் பாதங்களைச் சுடுகிறது.

கடும் வெயில் நாட்களில் லுஹர்த் தொழுகையைச் சூடு தணியும்வரை சற்றுப் பிற்படுத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். வெயிலில் நடந்து வருவோரின் சிரமத்தை மார்க்கம் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறது! கோடையில் ஜமாஅத் நேரத்தை எவ்வாறு அமைக்கலாம் என்பதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கலந்து பேசுங்கள். மற்றவற்றை நிர்வாகிகளே செய்யலாம். வாயிலிலிருந்து தொழுமிடம்வரை நிழற்கூரை, ஒளுச் செய்ய உட்காருமிடம், படிக்குப் பக்கத்தில் சரிவுப்பாதை, மாடிக்கு வெள்ளைப் பூச்சு. வசதியுள்ள ஜமாஅத்துகள் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கலாம். வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் மின்விசிறி அதிகம் வேண்டும்; அப்போதுதான் அத்தகடும் அதிகமாக மின்சாரம் தரும். மின்கலம் இன்றி அமைத்தால், மின்தடையின்போது அதுவும் நின்றுவிடும் என்பதை மட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். பள்ளிவாசலின் குளிர்ச்சி ஆண்களுக்குக் கிடைக்கிறது. லுஹர் தொழுதுவிட்டு அஸர்வரை அங்கேயே சாய்ந்திருக்கும் பெரியவர்களை நாம் காண்கிறோம். அவர்களின் வயதொத்த பெண்கள் அந்நேரத்தில் எங்கே இருக்கிறார்கள்? சமையலறையில், அடுப்பின் முன்னால். நகரத்தின் மிகச் சூடான இடத்தில் நண்பகலைக் கழிப்பவர் பெரும்பாலும் நம் வீட்டு மூதாட்டியே. பகலில் பூட்டிக் கிடக்கும் மதரஸா கூடத்தையோ திருமண மண்டபத்தையோ ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் பன்னிரண்டு மணி முதல் நான்கு மணிவரை பெண்களுக்குத் திறந்து வைத்தால் என்ன? விசிறி, குடிநீர், தூய்மையான கழிவறை, ஓதுவதற்குக் குர்ஆன் பிரதிகள் இருந்தால் போதும். வீட்டார் காலை ஒன்பது மணிக்குள் சமையலை முடித்துக்கொண்டால் அவர்கள் அங்கே செல்லவும் நேரம் கிடைக்கும்.

ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கும் இதில் பாடம் உண்டு. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் முறையான அனுமதியின்றிச் சென்றவர்கள். தங்கக் கூடாரமோ நிழலோ இன்றி நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள். முதியோரும் நோயாளிகளும் அதில் இருந்தனர். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. நிழலும் நீரும் முறையான ஏற்பாடும் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அங்கு உயிரின் வேறுபாடாக இருந்தது. பெற்றோரைப் புனிதப் பயணத்திற்கு அனுப்பும் பிள்ளைகள் செலவைக் குறைக்கக் குறுக்குவழி தேடலாகாது.

நகராட்சியிடம் கேட்க வேண்டியவை

சில காரியங்களை நாம் செய்ய இயலாது. கேட்டுப் பெற வேண்டும். பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் ஏறும் ஒரு பேருந்து பல வாகனங்களின் புகையைக் குறைக்கிறது. ஆனால் உயரமான படியில் காலெடுத்து வைக்க இயலாத பெரியவர் ஆட்டோவுக்கே போவார். சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. புகையும் இல்லை, ஏறுவதற்குச் சிரமமும் இல்லை. பூமியின் தேவையும் முதியோரின் தேவையும் ஒன்றுபடுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? ஆயினும் நிறுத்தத்தில் நிழலும் இருக்கையும் இல்லாவிட்டால், அந்தப் பேருந்துக்காக அவர் எப்படிக் காத்திருப்பார்? நிழற்குடை, இருக்கை, குடிநீர், நடைபாதையில் மரம் ஆகியவற்றை உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். மணமக்களை வாழ்த்த மேடைக்கு வரும் உறுப்பினரிடம் அந்த மனுவையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பூரில் 2018இல் திறக்கப்பட்ட 'கம்போங் அட்மிரல்டி' என்ற அரசுக் குடியிருப்பில் முதியோர் வீடுகள், மருத்துவமனை, உணவகம், குழந்தைகள் காப்பகம் ஆகியவை ஒரே வளாகத்தில் உள்ளன. அதன் கூரைகளில் படிப்படியாகத் தோட்டம் வளர்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு தெருவுக்கு நான்கு மரமும் இரண்டு இருக்கையும் போதும்.

இந்தக் கோடைக்கு முன்

வாசகர்களே, இந்த மாதமே தொடங்கக்கூடியவை சில. மொட்டைமாடியைத் துடைத்து வெள்ளையடியுங்கள். வெப்பம் தடுக்கும் பூச்சு வாங்க இயலாவிட்டால் சுண்ணாம்பு போதும், ஆண்டுதோறும் புதுப்பித்தால் சரி. பெரியவரின் படுக்கையைக் கோடைக்கேனும் கீழ்த்தளத்திற்கோ கிழக்குப் பக்க அறைக்கோ மாற்றுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டி, வெயில் காலத்தில் அளவு மாற்ற வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று கேளுங்கள். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்க்கு அளவு வேறாகலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால், மயங்கினால், தோல் அனலாய்ச் சுட்டால், உடனே 108க்குத் தெரிவியுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

முஹல்லா இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். தனித்திருக்கும் முதியோர், பகலில் தனித்துவிடப்படும் முதியோர், படுக்கையில் இருப்போர் ஆகியோரின் பெயர், வீட்டு எண், மகனின் தொலைபேசி எண், உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுதட்டும். கோடையில் லுஹருக்குப் பின் வீட்டுக்கு ஒருவராகச் சென்று கதவைத் தட்டட்டும். சகோதர சமயத்தவரின் வீடுகளும் அதில் இருக்கட்டும். அண்டை வீட்டார் என்றால் அனைவரும்தான். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் திறந்திருந்ததை நாடு கண்டது. மழைக்காலத்திலும் அதே நோட்டுப் புத்தகம் உதவும். மாடியில் யார் சிக்கியிருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பதை அது சொல்லும்.

தம் தாயார் மறைந்தபின் அவர் பெயரால் கிணறு வெட்டி மக்களுக்கு அறமாக்கிய ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் செய்தியை நாம் பயான்களில் கேட்டு நெகிழ்கிறோம். நம் உம்மா நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பெயரால் கிணறு வெட்டும் நாள் வரும் முன்பே, அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கூஜாத் தண்ணீர் வைப்போம்.

அடுத்த கோடை முடிந்ததும் நான் இதே கேள்வியை மீண்டும் கேட்பேன், இன்ஷா அல்லாஹ்: நண்பகலில் உங்கள் இல்லத்தின் மூத்தவர் எந்த அறையில் இருந்தார்? அப்போது உங்களிடம் விடை இருக்கட்டும். வஸ்ஸலாம்.